பொன்னுருக்கு அன்று ஆரணி கேட்டது

ராசா,

நீங்கள் இருவரும் லண்டன் போய்ச் சேர்ந்து, குளிரோடும் வேலையோடும் பழையபடி மல்லுக்கட்டத் தொடங்கியிருப்பீர்கள். இங்கே வெள்ளவத்தையில் வீடு இன்னும் கலியாண வீடாகத்தான் கிடக்கிறது. குத்துவிளக்குகள் எண்ணெய்ப் பிசுக்கோடு வரிசையாக நிற்கின்றன. பலகாரம், மேல்மாடிக்காரருக்கும் வாசல் காவலாளிக்கும் கொடுத்த பிறகும் தீரவில்லை. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் தொலைபேசியில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். எழுதினால் ஓரிடத்தில் இருந்து வாசித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில், ஆரணி பெட்டிகளோடு முன்னே போன நேரம் பார்த்து, நீ என் காதருகே குனிந்து ஒன்று சொன்னாய். "அம்மா, பொன்னுருக்கு அண்டைக்கு அவள் யோசிக்காமல் கதைச்சிட்டாள். மனசில வைச்சிருக்காதேங்கோ." பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நான் வாய் திறக்க முதல் நீ உள்ளே போய்விட்டாய். வீடு வரும் வரைக்கும் அந்தச் சொல் என்னை உறுத்தியது. கலியாணம் முடித்த பிறகு மனைவிக்காக நீ கேட்ட முதல் மன்னிப்பு அது. உலகத்தில் வேறு எதற்கு வேண்டுமானாலும் கேள், அதற்கு மட்டும் கேட்காதே. ஏன் என்று சொல்கிறேன். அன்று நீ லப்டொப்பின் சின்னத் திரைக்குள் இருந்து பார்த்தது பாதிதான். மீதி, அதன் கண்ணுக்கு எட்டாத பக்கங்களில் நடந்தது. இதை நம் குடும்பத்து வட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். கலியாணம்தான் முடிந்துவிட்டதே, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. முதலில் கல்கிசை மாமியிடம் கேட்டேன். "போடு. நான் கதைச்சதையும் ஒளிக்காமல் போடு" என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்தக் கலியாணத்தை நீயும் ஆரணியும் லண்டனில் இருந்துகொண்டுதான் ஒழுங்கு பண்ணினீர்கள். நான் உங்கள் கையும் காலுமாக இங்கே ஓடித் திரிந்தேன். மண்டபம் பார்க்கப் போனால் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடக்க வேண்டும். சமையல்காரர் தந்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை நான் வாயில் வைக்க, நீங்கள் இருவரும் திரையில் என் முகத்தைப் பார்த்து அது நல்லதா கூடாதா என்று முடிவெடுத்தீர்கள். மணவறைக்காரருக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் என்னிடம் வந்து, "அம்மா, தம்பி முழுக்க வெள்ளைப் பூ வேணுமெண்டு கேக்கிறார். எங்கட சனம் பாத்தால் கலியாணமோ செத்தவீடோ எண்டு கேக்கும்" என்றார். உனக்கும் அவருக்கும் நடுவில் நின்று வெள்ளையோடு கொஞ்சம் செவ்வந்தி என்று பேசி முடித்தது நான். அலுப்பாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அப்பா போன பிறகு ஒரு நாளில் இத்தனை தடவை நீ என்னைக் கூப்பிட்டது அந்த மாதங்களில்தான்.

அந்த அழைப்புகளில்தான் ஒன்றையும் கண்டுபிடித்தேன். நீ கதைக்கும்போது உன் பின்னால் இலைபோட்ட பச்சைத் திரைச்சீலை தொங்கும். ஒருநாள் ஆரணி தன் கூறைச்சீலையின் நிறத்தைக் காட்ட எனக்கு எடுத்தாள். அவள் பின்னாலும் அதே திரைச்சீலை, அதே இடத்தில் கொஞ்சம் கொக்கி கழன்று தொங்கியது. நீ எனக்குச் சொன்ன கதைப்படி அவள் நகரத்தின் மற்றப் பக்கத்தில் தோழிகளோடு அறை எடுத்து இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் எனக்கு மனவருத்தம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பதற்காக இல்லை, அதை என்னிடம் சொல்ல உனக்குத் தைரியம் வரவில்லையே என்பதற்காக. பிறகு, கலியாணம்தான் நிச்சயமாகிவிட்டதே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனியொரு தரம் என்னிடம் எதையாவது ஒளிப்பதென்றால் திரைச்சீலையையாவது மாற்று.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இது தெரியாது. அப்பா இல்லாமல் போன பிறகு நல்ல காரியங்களில் என்னை யாரும் பின்னால் போ என்று சொன்னதில்லை. ஆனாலும் பின்னால் போனேன். அது எப்படி நடக்கும் என்றால், ஒரு கலியாண மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் ஏந்தி நின்ற பிள்ளை என் நெற்றியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் முகம் சிவந்துபோனாள். பாவம், அந்தப் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் ஏன் என்று அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பக்கவாசலைத் தேடத் தொடங்கினேன். பழகிப்போனது. உன் கலியாணப் பேச்சு எழுந்தபோதே, முன்னுக்கு நின்று செய்வதையெல்லாம் அவனும் பெண்சாதியும் செய்யட்டும், நான் குசினியைப் பார்க்கிறேன் என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, நீங்கள் சொல்லுறபடி" என்றான் அவன்.

பொன்னுருக்கு நாள் வந்தது. குழுவில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில், எல்லார் முன்னிலையிலும் உருக்குவதுதான் பொன்னுருக்கு. மாப்பிள்ளையே பொற்பவுணை, நகை செய்யும் ஆசாரியாரிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கலியாணம் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. ஐயர் குறித்துத் தந்த நாளுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. லப்டொப்பில் இருந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. பெரிய மேசையில் உன்னை வைத்தோம். பக்கத்தில் நிறைகுடம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார், தேங்காய், பழம். செட்டியார் தெருவில் இருந்து வந்த ஆசாரியார் தன் சின்ன அடுப்பை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டு, "புகை வந்தால் மணி அடிக்குமோ?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். நீ அங்கே குளிருக்குப் போட்ட தடித்த உள்சட்டைக்கு மேலே பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேட்டி கட்டியிருக்கிறேன் என்று எழும்பி நின்று காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள்.

சடங்கை நடத்தியது கல்கிசை மாமி. அப்பாவின் அக்கா. நம் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் எது முதல், எது பிறகு என்று கேட்பது அவரிடம்தான். அவருடைய கணவர் காலமாகி நெடுங்காலம். அதனால் அவரும் எதையும் கையால் தொடமாட்டார். சுவர்ப்பக்கமாகக் கதிரை போட்டு இருந்துகொண்டு வாயால் நடத்துவார். ஆசாரியார் அடுப்பை மூட்டிவிட்டு, "பவுணைத் தாறது ஆர்?" என்று கேட்டார். மாமி என் தம்பியைக் காட்டி, "தாய்மாமனும் பெண்சாதியும் வாங்கோ" என்றார். அவர்கள் இருவரும் முன்னுக்கு வந்தார்கள். நான் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். அங்கே நின்றால் உன் முகம் பாதி தெரியும்.

அப்போதுதான் லப்டொப்பில் இருந்து அந்தக் குரல் வந்தது. "ஆன்ரி ஏன் அங்க நிக்கிறா? அவவை முன்னுக்குக் கூப்பிடுங்கோவன்." நீ திடுக்கிட்டுப் பக்கவாட்டில் பார்த்தாய். கையால் ஏதோ சாடை காட்டினாய். ஆனால் அவள் குனிந்து திரைக்குள் வந்துவிட்டாள். உன் நீலக் கம்பளிச் சட்டை, அள்ளி முடிந்த தலை, கையில் கோப்பிக் கோப்பை. "ஆன்ரி, நீங்கள்தானே அம்மா? நீங்கள்தானே குடுக்க வேணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. என் தம்பி பெண்சாதி தரையைப் பார்த்தாள். ஆசாரியார் எரிந்துகொண்டிருந்த அடுப்பையே இன்னொரு தரம் சரிசெய்தார். காலி வீதி பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்டது. மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"அங்க இப்ப என்ன நேரம், தம்பி?"

"அஞ்சு மணி, மாமி."

"விடிய அஞ்சோ?"

ஆரணி கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் முகம் மாறிய விதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ராசா, அவள் திரையை விட்டு விலகவில்லை. ஓடி ஒளியவில்லை. அப்படியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை அல்லவா?

நான் அந்த வாசலிலேயே நின்றிருந்தால் அவள் கேட்ட கேள்வி செத்துப்போயிருக்கும். விடிய ஐந்து மணிக் கதைதான் மிஞ்சியிருக்கும். அன்று மத்தியானமே அது கொட்டாஞ்சேனைக்கு, அவளைப் பெற்றவர்களின் வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரம் இருந்ததாக நான் சொல்லவில்லை. கையில் இருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நடந்தேன். "நான்தான் மச்சாள் அவளை வரச் சொன்னனான்" என்றேன் மாமியிடம். "பிள்ளை தனிய இருந்து பாக்கப்போறான், பக்கத்தில ஒராள் இருக்கட்டும், விடியவே வந்திடு எண்டு சொன்னனான்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிறகு ஆரணியிடம், "வாறன் பிள்ளை" என்றேன். என் தம்பி வெற்றிலையில் இருந்த பவுணை என் உள்ளங்கையில் வைத்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

ஆசாரியார் இரண்டு கையையும் ஏந்தி, "தாங்கோ அம்மா" என்றார். கொடுத்தேன். அவர் ஊத ஊத, பவுண் முதலில் சிவந்தது, பிறகு ஓரம் இளகியது, பிறகு ஒரு துளியாகத் திரண்டு தானாகச் சுழன்றது. அதை இத்தனை கிட்ட நின்று நான் பார்த்ததே இல்லை. என் கலியாணத்தில் நான் பொம்பிளை, இந்தப் பக்கம் வர முடியாது. பிறகு மற்றவர்களுடைய வீடுகளில் குசினி வாசல். வெப்பம் முகத்தில் அடித்தது. உன் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. அங்கே நீயும் ஆரணியும் தலையோடு தலை முட்ட, திரைக்குள் நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உருக்கி முடிந்ததும் மாமி என்ன சொன்னார் என்பது உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். "பொன்னுருக்கியாச்சு. இனிக் கலியாணம் மட்டும் ஆளையாள் பாக்கேலாது. ரெண்டு பேரில ஒராள் இப்பவே வெளிக்கிடுங்கோ." "மாமி, வெளியில சரியான குளிர்" என்றாய் நீ. "ஜக்கெற்றைப் போடு" என்றார் மாமி. ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. நீ உண்மையாகவே பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போனாய், கலியாணம் வரைக்கும் அவன் சோபாவிலேயே படுத்தாய், கொழும்புக்கும் வேறு வேறு விமானத்தில் வந்தீர்கள். அதற்காக உன்னைப் பற்றி எனக்குப் பெருமை. ஆனால் அன்று மாமியின் முகத்தில் இருந்தது கோபம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துக்கொண்டு எல்லோரும் வான் ஒன்றில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். மாமி என்னைத் தன்னோடு பின் ஆசனத்தில் இருத்தினார். பம்பலப்பிட்டி போனது, கொள்ளுப்பிட்டி போனது, ஒரு வார்த்தை இல்லை. என்ன கேட்டாலும் சொன்னதையே சொல்வது என்று நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இருந்தேன். கோட்டையைத் தாண்டும்போது, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ர மூத்தவளின்ர கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொழும்பில வீடில்லை எண்டு பொன்னுருக்கை எங்கட வீட்டிலதான் வைச்சவை. நான் எங்க நிண்டனான் தெரியுமே?"

"தெரியாது மச்சாள்."

"குசினிக்குள்ள. தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். ஆசாரியார் ஊதுற சத்தம் கேட்டது. பாக்கேல்லை."

"ஏன் மச்சாள் வெளியில வரேல்லை?"

"ஆர் கூப்பிட்டது?" என்றார் மாமி. "வரக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வா எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. மகள்கூடக் கேக்கேல்லை. நானும் அதுதான் முறை எண்டு இருந்திட்டன்" என்றார். பிறகு, "உனக்குக் கேக்கிறதுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள்" என்று சொல்லி, என் கையின் மேல் தன் கையை வைத்தார். கொட்டாஞ்சேனை வரும் வரைக்கும் எடுக்கவில்லை. எத்தனை வருட உறவு ராசா, அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஆரணியின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. தட்டை வாங்க முதலே என்னிடம், "பிள்ளை போன் எடுத்து எல்லாம் சொன்னவள். ஒரே அழுகை. ஆன்ரியைப் பொய் சொல்ல வைச்சிட்டன் எண்டு அழுகிறாள். எனக்கு உங்கட முகத்தில முழிக்கவே வெக்கமாக் கிடக்கு" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாம் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை விலக்கிக்கொண்டு மாமி முன்னே போனார்.

"ஆர் பொய் சொன்னது? பிள்ளையை விடிய வரச் சொன்னது இவதான். சொல்லேக்க நானும் பக்கத்திலதான் இருந்தனான். நல்ல பிள்ளையாத்தான் வளத்திருக்கிறியள். தட்டைப் பிடியுங்கோ, நேரம் போகுது."

மாமி பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். எப்படி உறுதியாகச் சொன்னார் என்றால், எனக்கே ஒருவேளை நான் அப்படிச் சொல்லித்தான் இருப்பேனோ என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஐந்து மணிக் கதையைப் பற்றி இந்தக் கொழும்பில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மாமி சொன்னதற்கு மேல் கதைக்க யாருக்குத் துணிவு வரும்?

கலியாணத்தன்று நீ மணவறையில் இருந்தாய், எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடும் நேரத்தில் நான் சபைக்குள் இறங்கிப் போனதை நீ பார்த்தாயோ தெரியாது. மாமி வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில் இருந்தார். "மச்சாள், வாங்கோ, பிள்ளையளுக்கு அறுகரிசி போடுவம்" என்றேன். "எனக்கு முழங்கால் ஏலாது" என்றார். "நான் பிடிக்கிறன்." அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "சனம் பாக்குது, பிள்ளை." "பாக்கட்டும் மச்சாள். நான் கூப்பிடுறன்" என்றேன். அவர் எழும்பினார். அந்த நடைபாதை முழுவதும் என் தோளில் அவருடைய பாரம் அத்தனையும் இருந்தது. மணவறையில் ஏறி, அறுகும் அரிசியும் அள்ளி அவர் போட்டதில் பாதி உன் மடியிலும் பாதி ஆரணியின் தலையிலும் விழுந்தது. ஆரணி குனிந்து அவர் காலைத் தொட்டபோது அவளுடைய காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று எத்தனை தரம் கேட்டும் எனக்குச் சொல்லவில்லை. ஆரணியைக் கேட்டேன், அவளும் சிரிக்கிறாளே தவிரச் சொல்கிறாள் இல்லை. இருக்கட்டும், அது அவர்கள் இருவருக்கும் இடையில்.

இப்போது விளங்குகிறதா, நீ ஏன் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று? அவள் யோசிக்காமல் கதைத்தாள் என்றாய். ஓம், யோசிக்கவில்லைத்தான். யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு சுவரோரமாக நின்றிருப்பாள், நாங்கள் எல்லோரும் யோசித்து யோசித்துத்தானே அப்படி நின்றோம். இனியும் அவள் கேட்பாள். வேலையிடத்தில் கேட்பாள், உன் சிநேகிதர் முன்னால் கேட்பாள், ஒருநாள் உன்னையே கேட்பாள், அது உனக்கு இனிக்காது. அப்போதெல்லாம் அவளுக்குக் கண்ணைக் காட்டாதே. பிறகு ஆட்களின் காதுக்குள் போய் அவளுக்காகச் சமாதானம் சொல்லாதே. பக்கத்தில் நில். அன்று திரையை விட்டு அவளைத் தள்ளாமல், கடைசியில் நீயும் அவளோடு தலை முட்ட நின்று பார்த்தாயே, அப்படி நின்றால் போதும்.

நான் சுகமாக இருக்கிறேன். மூட்டு வலி மட்டும் கொஞ்சம். ஆரணிக்கு முருங்கையிலைத் தூளும் மிளகாய்த்தூளும் லண்டனுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், கிடைத்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடச் சொல். நேற்று மாமி கல்கிசையில் இருந்து போன் எடுத்தார். மேல்மாடிக்காரரின் மகளுக்குக் கலியாணம், எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேளைக்கு வாறன், பிள்ளை. கலியாணத்துக்கு எடுத்த அந்த மாம்பழ நிறச் சீலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டு நில். பிந்திப் போனால் முன்வரிசை நிரம்பீடும்."

அன்புடன்,
அம்மா